விலை இறங்கும் முகவரி

— அத்தான், சொல்றதைச் சொல்லிடுறேன், அப்புறம் உங்க இஷ்டம். உங்க டிராவல்ஸ் பேர்ல இருக்கற இன்டர்நெட் முகவரியை நாலு வருஷம் முன்னாடி பத்து லட்சத்துக்குக் கேட்டாங்க. முறைச்சீங்க. போன வருஷம் ஆறு. இன்னிக்கு மூணு.

— மச்சான், இதை மாசத்துக்கு ஒரு தடவை ஒப்பிக்கிறே.

— இப்படிப் பேரை வாங்கி வித்துத்தானே வயித்தைக் கழுவுறேன். அப்ப டாட் காம் ஒண்ணுதான் ராஜா. இப்ப டாட் டூர்ஸ், டாட் ஷாப்னு ஆளாளுக்கு ஒரு வால் முளைச்சாச்சு. வந்திருக்கற பார்ட்டி அதுல ஒண்ணைப் புடிச்சுக்கிட்டான்னா உங்களுதுக்குச் சல்லிக் காசு தேறாது.

— தேற வேண்டாம்.

— ஆபீசை மூடியாச்சு, வேனெல்லாம் வித்தாச்சு. பேரை மட்டும் வெச்சு என்ன பண்ணப் போறீங்க, நெத்தியில ஒட்டிக்கவா?

— வீடு மாறியாச்சு, என் நம்பரும் மாறிடுச்சு. எங்கே இருக்கான்னே தெரியாத என் பொண்ணுக்கு, என்னைப் புடிக்க அந்தப் பேர்ல இருக்கற மெயில் ஒண்ணுதான் வழி. வித்துட்டா, அவ எழுதறது எவனோ ஒருத்தனுக்குப் போகும்.

— அக்கா, நீயாவது சொல்லேன்.

— குடுத்துடுங்க. தம்பி நல்ல விலைதான் சொல்றான்.

— என்னடி விலை? விடிஞ்சதும் பல்லுகூட விளக்காம அதைத்தான் திறக்கறேன். டயர் விளம்பரம் வருது, ஓட்டல் விளம்பரம் வருது. அதுக்கு நடுவுல ஒரு நாள் அவ வருவா.

— மூணு வருஷம் முன்னாடி வந்தாளே. என்ன பதில் போட்டீங்க?

— அது கோபத்துல போட்டது.

— எனக்குப் பொண்ணே கிடையாதுன்னு போட்டீங்க.

— மன்னிச்சுக்கம்மான்னு எத்தனை தடவை அனுப்பியிருப்பேன். அவ பழைய மெயிலை மூடிட்டா போலிருக்கு, எல்லாம் திரும்பி வந்துடுது. இனி அவளா எழுதினாத்தான் உண்டு.

— சரி அத்தான், நான் கிளம்பறேன். பார்ட்டிகிட்ட இல்லைன்னு சொல்லிடுறேன்.

— உட்காரு தம்பி, நீயும் கேட்டுக்க. அவ எனக்கு எழுதறா. ஒரு வருஷம் ஆச்சு.

— உனக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— உங்க வாய்க்குப் பயந்துதான். மறுபடியும் வெடுக்குன்னு ஏதாவது எழுதி, எனக்கும் அவ இல்லாம போயிட்டா?

— என்னைப் பத்திக் கேட்டாளா?

— கேட்டா. அப்பா மெயில் இன்னும் இருக்கா, எழுதட்டுமான்னு.

— நீ என்ன சொன்னே?

— போன வருஷமே வித்தாச்சுன்னு சொல்லிட்டேங்க.