மிதிக்கு எண்ணெய் விட்ட மூன்று நாள்

அவைக்கு அழகு சேர்க்கும் தையற்சங்கத் தலைவி அவர்களே, அளவு நாடா இல்லாமலே ஆளை அளந்துவிடும் மூத்த தையற்காரர்களே, பிள்ளையை மடியிலும் பித்தான் டப்பாவைப் பையிலும் வைத்திருக்கும் தாய்மார்களே, எனக்கு அடுத்துப் பேச வேண்டியிருப்பதால் என்னைக் கவலையோடு பார்க்கும் மேடைப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

போன வருடம் எனக்கு ஐந்து நாள் காய்ச்சல். வந்தது, வாட்டியது, போனது. ஒரு வாரம் கழித்துப் பட்டறையில் வந்து உட்கார்ந்தேன். மெஷின் ஓடவில்லை! மிதித்தேன், முனகியது. மீண்டும் மிதித்தேன், முரண்டு பிடித்தது. நாம் என்ன செய்வோம்? எண்ணெய் விடுவோம். விட்டேன். மறுநாள் பெல்ட்டை மாற்றினேன். மூன்றாம் நாள் மெஷினையே மாற்றினேன். அதுவும் ஓடவில்லை! அப்போதாவது புத்தி வந்ததா? எல்லா மெஷினும் மட்டம் என்று முதலாளியம்மாவிடம் சண்டைக்குப் போனேன். பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்ததைப் பற்றியும், படியேறக் கம்பியைப் பிடித்ததைப் பற்றியும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. காய்ச்சல் அசதி என்று எனக்கு நானே வைத்தியர்!

மெக்கானிக் தம்பி வந்தார், உட்கார்ந்தார், மிதித்தார். மெஷின் பறந்தது.

"அக்கா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்க காலால என் கையைத் தள்ளுங்க பாப்போம்."

தள்ளினேன்.

"இன்னும் பலமா தள்ளுங்கக்கா."

"பலமாத்தான் தள்ளுறேன் தம்பி!"

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "யாராவது ஆட்டோவைக் கூப்பிடுங்க!" என்று கத்தினார்.

மருத்துவமனையில் சொன்னார்கள், காய்ச்சல் கிருமி எப்போதோ போய்விட்டதாம். அதை விரட்டக் கிளம்பிய உடம்பின் காவற்படை, ஆள் மாறி என் நரம்புகளை அடித்துக்கொண்டிருந்ததாம். இந்த நோய்க்குக் கில்லன் பாரே என்று பெயர். என்னம்மா முன்வரிசை, சிரிக்கிறீர்களா? நானும் யாரோ டாக்டர் மாப்பிள்ளை பெயர் என்றுதான் நினைத்தேன்! அன்று மாலை கை ஓய்ந்தது. மறுநாள் மூச்சு ஓய்ந்தது. பதினேழு நாள் கருவிதான் எனக்காக மூச்சுவிட்டது. பயந்தேன், ஐயா. வாய் திறக்க வழியில்லாமல் கண்ணால் அழுதேன். வீட்டிலேயே படுத்திருந்தால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே என்னை இழந்திருப்பார்கள்.

மெஷினைச் சந்தேகித்தேனே, என் மேனியைச் சந்தேகித்தேனா? காய்ச்சல் போன பின்பு கால் மரத்துப்போனால், பலம் குறைந்தால், அது கீழிருந்து மேலே ஏறினால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தைத்து முடித்துவிட்டு அல்ல, அன்றைக்கே!

எங்கே, எல்லோரும் எழுந்து குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நில்லுங்கள். தலைவி அவர்களே, தாங்களும்தான்! ஆகா, எவ்வளவு சுலபமாக நிற்கிறீர்கள்! இதற்கு எனக்கு ஏழு மாதம் ஆனது. இதோ, மைக்கைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. நீங்கள் உட்காரலாம். நான் இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றுகொள்கிறேன். வணக்கம்!