ஆறரைக் கட்டை

பிள்ளைக்குப் பாட்டு வாத்தியார் தேடும்போது, பக்கத்தில் யார் கிடைப்பார்கள் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் ரிஷிவந்தியத்தில் பஸ் ஏறினால் இறங்குவது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில். அதற்குப் பின்னாலேயே கந்தசாமி வாத்தியார் வீடு. என் மகள் தேவதர்ஷினி சின்ன வயதிலிருந்து அவரிடம்தான் கற்றாள். காலையில் போனால் சாப்பாட்டு வேளைக்கு வீட்டில் இருப்பாள்.

கல்லூரி முடித்ததும் அவளே வேறொருவரைத் தேர்ந்தெடுத்தாள். சென்னைப் பாடகி ராஜாம்பாள். கோயில் கச்சேரிக்கு வந்த இடத்தில் இவள் பாடக் கேட்டு, "எங்க வீட்டுலயே தங்கிக் கத்துக்கோம்மா. ஆனா முதல்ல தொண்டைய டாக்டர்கிட்ட காட்டு, குரல் கரகரங்குது," என்றார்.

அவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் என் கணவர் இறந்தபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சுற்றிலும் கரும்பு. அவள் பாடவில்லை என்றால் அங்கே மனிதக் குரலே கிடையாது. அவள் பெட்டி கட்டத் தொடங்கினாள். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். பரிசோதனை முடிந்து அவள் முகம் கழுவப் போயிருந்தாள். "குரல்நாண்ல ரத்தம் கட்டியிருக்கும்மா. ரெண்டு மாசம் பாடவே கூடாது, பேச்சையும் கம்மி பண்ணணும். இல்லன்னா குரலே போயிடும்," என்றார். தலையாட்டினேன்.

ஷேர் ஆட்டோவில் கேட்டாள். "டாக்டர் இன்னாமா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லடி. சளி கட்டிக்கினு இருக்குதாம். பாடப் பாட சரியாப் பூடும்னாரு."

நம்பினாள். நான் பொய் சொல்லி அவள் பார்த்ததே இல்லை.

மறுநாள், சென்னைக்குப் போகிற பெண், சுருதியை ஏற்றிப் பாட வையுங்கள் என்று வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டேன். ஐந்து கட்டையில் பாடியவளை ஆறரைக்கு ஏற்றினார். அவருக்கு எதுவும் தெரியாது. விசாரணை என்று அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். வீட்டிலும் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு தபா பாடு கண்ணு," என்பேன். வலிக்குதும்மா என்பாள். வெந்நீர் கொடுப்பேன். அதில் எதையும் கலக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு காலையில் வர்ணம் பாடிக்கொண்டிருந்தபோது நடுவே குரல் அறுந்தது. வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. அவள் என்னையே பார்த்தாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

பிறகு அவளே வேறொரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். பாடாமல் இருந்திருந்தால் குணமாகியிருக்குமே, முன்பு பார்த்தவர் சொல்லவில்லையா என்று அவர் கேட்டிருக்கிறார். வாசலில் நின்று கிசுகிசுத்தாள்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் கண்ணு. நீ பூட்டா நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன்?"

மகள் மனம் மாறிவிட்டாள் என்று ராஜாம்பாளுக்கு நானே போனில் சொன்னேன். எல்லாம் நான் செய்ததுதான், மறுக்கவில்லை. இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் சமைத்ததைச் சாப்பிடுகிறாள். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறாள் போலிருக்கிறது. நல்ல பெண்.