திரையில் காட்டிய தாள்

— அந்த ஹெட்போனக் கழட்டுங்க தாயி. ஒங்க கூட்டம் பெறகு நடக்கட்டும்.

— இன்னும் இருபது நிமிஷத்துல நான் பேசணும் பாண்டிராஜ்ணே. டெல்லியில, லண்டன்ல எல்லாம் கம்ப்யூட்டரைத் தொறந்து வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. சிவகாசியில இந்த நெட் சென்டர்லதான் லைன் ஒழுங்கா வருது. நீங்க எழுதின ரெண்டாவது பீடி சர்வேத் தாள்களைக் குடுத்துட்டுப் போங்க.

— தாளு எங்கயும் போகாது. எந்தம்பி பாலகுருதேன் போயிட்டான். அதப் பேசுவோம்.

— எனக்கு மட்டும் வருத்தம் இல்லையாண்ணே? பங்குனியில பட்டாசுக் கம்பெனி மருந்து ரூம் வெடிச்சதும், மல்லாங்கிணத்துல இருந்து அப்பாவும் நானும் துட்டி கேக்க வந்தோமே.

— வந்தீக. மால போட்டீக. நீங்க அங்கிட்டுப் போனதும் மேனேஜர் சங்கரலிங்கம் எங்க வாசல்ல நின்னு என்ன சொன்னாரு தெரியுமா? மருந்து ரூமுக்குள்ள ஒந்தம்பி பீடி பத்த வச்சான், அதுலதேன் நாலு உசுரு போச்சுன்னாரு.

— கம்பெனிக்காரங்க எப்பவும் அப்படித்தானே சொல்வாங்க.

— எப்பவும் வாயால சொல்லுவாக. இந்தத் தடவ தாளக் காமிச்சுச் சொல்லுதாக.

— என்ன தாள்?

— ஒங்க தாளுதேன். பேரு பாலகுரு, ஊரு தாயில்பட்டி, ஒரு நாளைக்குப் பீடி பன்னெண்டு. கீழ கற்பகவல்லின்னு ஒங்க கையெழுத்து. தை மாசம் இதே மாதிரிக் கூட்டத்துல திரையில போட்டுக் காமிச்சீகளாம், அத அவுக படம் புடிச்சு வச்சிருக்காக. மேனேஜரையும் கேக்கச் சொல்லி நீங்கதான கூப்பிட்டீக?

— ஆமா. சர்வே எடுக்க ஆளுங்களைப் பார்க்க விட்டவர் அவர்தான், ஒரு மரியாதைக்குக் கூப்பிட்டேன். எப்படிக் கேட்டோம்னு காட்ட ஒரு தாளைப் போட்டேன். பேரை மறைக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே.

— ஒங்களுக்குத் தோணல. இங்கன எந்தம்பி பொண்டாட்டி மாடத்தி குழாயடிக்குப் போனா கொடத்தத் தள்ளி வைக்காளுக. ஒம்புருசன் பீடிக்கு எம்புள்ளய எரிச்சிட்டான்னு அவ வாசல்ல மண்ணள்ளித் தூத்துதாளுக.

— ஐயோ, இது எனக்குத் தெரியாதுண்ணே.

— இன்னைக்கு என்னத்தப் பேசப் போறீக?

— பொது இடத்துல புகைபிடிக்கக் கூடாதுன்னு போன அக்டோபர்ல சட்டம் வந்துச்சுல்ல? வர்றதுக்கு முன்னாடி தாயில்பட்டியில கேட்டோம். இப்ப அதே ஆளுங்களைத் திரும்பக் கேட்டா, முக்காவாசிப் பேர் விட்டுட்டேன்கறாங்கன்னு நீங்கதான் போன்ல சொன்னீங்க. தாயில்பட்டியில அபராதம் போடறாங்க; மல்லாங்கிணத்துல போட ஆளில்ல, அங்க பீடி குறையவும் இல்ல. அப்ப சட்டம்தான் காரணம், வேற எதுவும் இல்லன்னு காட்டப் போறேன்.

— சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! பீடியாலதேன் வெடிச்சுச்சுன்னு கம்பெனி தாளத் தூக்கிக் காமிச்ச பெறகு, ஆமா நான் குடிக்கேன்னு எவன் எழுதிக் குடுப்பான்? நாளைக்கு இன்னொரு ரூம் வெடிச்சா பழி அவந்தலையில விடியும்ல? டீக்கடைக்குப் பின்னால நின்னு அம்புட்டுப் பேரும் ஊதிக்கிட்டுத்தேன் இருக்கானுக.

— இதை ஏன் போன்லயே சொல்லல? என் ரெண்டு வருஷ உழைப்புண்ணே இது.

— எந்தம்பிக்கு முப்பத்தோரு வயசு தாயி.

— சரி. நான் என்ன செய்யணும்? சொல்லுங்க.

— மேனேஜரும் இன்னைக்குக் கேப்பாருல்ல? அவரு கேக்க, அந்த லண்டன்காரவுக கேக்க, தாளு பொய்னு சொல்லுங்க. பாலகுரு பீடியத் தொட்டதே இல்லன்னு சொல்லுங்க.

— பேரைக் காட்டினது என் தப்புன்னு சொல்றேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். தாள் பொய்னு எப்படிச் சொல்றது? ஒரு தாள் பொய்னா மத்ததையும் யார் நம்புவாங்க?

— நம்பாட்டிப் போறாக. அவம்பேரு கெட்டுக் கெடக்கு.

— தம்பிங்கற பாசத்துல பேசறீங்க. அவர் தன் வாயால சொன்னதைத்தானே எழுதியிருக்கு? வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதினது நீங்கதானே?

— அவங்கிட்ட நான் கேக்கவே இல்ல.

— கேக்காம பன்னெண்டு பீடின்னு எப்படி வந்துச்சு?

— பீடிக்காரன் அம்பது பேரு வேணும், ஒராளு கொறஞ்சாலும் ஆராய்ச்சி நிக்காதுன்னீக. நாப்பத்தொம்பதுதேன் கெடச்சுச்சு தாயி. எந்தம்பிதான, தெரிஞ்சாலும் என்ன சொல்லிருவான்னு அவம்பேர நாந்தேன் எழுதுனேன்.