ரயிலா, காரா? தைப்பிங்கில் இறங்கியவள் பேசுகிறேன்

பதவியால் உயர்ந்து, பணிவால் அதைவிட உயர்ந்து, இப்போது என் நேரத்தை அளக்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமீது வைத்திருக்கும் தலைவர் ஜனாப் அலாவுதீன் அவர்களே! ஞாயிற்றுக்கிழமைக் காலைத் தூக்கத்தைத் தமிழுக்காகத் துறந்து வந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஜார்ஜ்டவுன் நண்பர்களே! ஃபெர்ரியில் கடல் கடந்து என்னோடு வந்திருக்கும் என் பாகான் டாலாம் சொந்தங்களே! உங்கள் எல்லோருக்கும் சந்திரிகாவின் வணக்கம்!

கோலாலம்பூருக்குப் போக ரயில் சிறந்ததா, கார் சிறந்ததா? செலவில் எது சிக்கனம், பயணத்தில் எது சுகம்? இதுதான் இன்றைய சொல்லரங்கத்தின் கேள்வி. ரயிலின் பக்கம் பேச என்னை அழைத்தார்கள். ஏன் என்னை? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நகத்தளவு மின்னணுச் சில்லைக்கூடச் சோதித்துப் பார்க்காமல் நல்லது என்று சொல்ல மாட்டேன். பார்த்தாலே தெரியும் என்பார் என் கணவர் புவனேஸ்வரன். அளந்தால்தான் தெரியும் என்பேன் நான். இந்த இரண்டு வாக்கியத்தில் எங்கள் இல்லறத்தின் வரலாறு முழுவதும் அடங்கிவிட்டது!

சிரிக்காதீர்கள் அக்கா, உங்கள் வீட்டுக்காரரும் அருகில்தான் இருக்கிறார்.

எனவே அளந்தேன். ஆறு ஆண்டுகளாக அளந்தேன். என் மகன் யுகேந்திரன் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், பட்டர்வொர்த்தில் ஏறுவேன், தலைநகரில் இறங்குவேன். ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஒரு டிக்கெட்டுக்கு எழுபது, எண்பது வெள்ளி. காரில் போனால்? என் கணவர் எண்ணெய்க் காசையும் டோல் காசையும் கூட்டுவார், கூட்டி முடித்துவிட்டேன் என்பார். டயர் தேய்ந்ததே, அதற்குத் தேய்மானம் இல்லையா? சர்வீஸ் இல்லையா, இன்சூரன்ஸ் இல்லையா? இறங்கியதும் இடுப்பில் தேய்க்கிற தைலத்துக்கு விலை இல்லையா?

"பார்க்கிங்க விட்டுட்டீங்களே அக்கா!" என்கிறார் கடைசி வரிசையிலிருந்து நம் சாப்பாட்டுக் கடை ஜாஹிர் தம்பி. விடவில்லை தம்பி, வருகிறேன். அதையும் சேர்த்தேன். ஆனாலும் அளந்தவள் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? ஒருவர் போனால் ரயில் மலிவு. மூவர் நால்வர் போனால் கார் மலிவு. எதிரணி நண்பர்களே, இதற்குக் கைதட்டிக்கொள்ளலாம். இதோடு உங்கள் மகிழ்ச்சி முடிந்தது!

ஏனென்றால் வசதி என்ற ஒன்று இருக்கிறதே! காரில் போகிறவர் சாலையைப் பார்க்கலாம், முன்னால் போகும் லாரியைப் பார்க்கலாம், வேறு எதைப் பார்க்கலாம்? நான் ஜன்னலைப் பார்த்தேன். புக்கிட் மேரா ஏரி இருபுறமும் விரிய, நீரின் நடுவே ரயில் ஓட, படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். தூங்கினேன், விழித்தேன், வடை தின்றேன். இப்படித்தான் ஆறு ஆண்டுகள் எனக்குப் பெருமையாக இருந்தது.

போன ஆவணியில் என் மகனுக்குக் கோலாலம்பூரில் பரிசம். ஞாயிற்றுக்கிழமை, ராகு காலம் மாலை நாலரைக்குத் தொடங்கும். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். முதல் தட்டைத் தாய்மாமன் தூக்கியாக வேண்டும். தாய்மாமன் யார்? தைப்பிங்கில் இருக்கும் என் அண்ணன் முனுசாமி. ஆறு ஆண்டுகளாக என்னோடு பேசாதவர்.

ஏன் பேசவில்லை? என் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டிய அண்ணனுக்கு, ஊருக்கெல்லாம் அனுப்பிய அதே அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். தாய்மார்களே, அந்தப் பெருமூச்சு எனக்குக் கேட்கிறது. ஆமாம், அது தப்புதான்.

பரிசத்துக்காவது நேரில் போனேனா? இல்லை! கணவரை அனுப்பினேன். அவர் விடியலில் ஆறு சீர்தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, போகும் வழியில் அண்ணனையும் ஏற்றிக்கொள்வதாகப் புறப்பட்டார். நானும், முதல் நாளே வீட்டுக்கு வந்திருந்த என் மகனும் குங்குமத் தட்டோடு ரயிலில். புக்கிட் மேரா தாண்டும்போது தொலைபேசி அடித்தது. கணவர்தான்.

"உங்கண்ணன் கைலியோட ஒக்காந்துருக்காரு. கெளம்ப மாட்றாரு. 'அவளுக்கு வாய் இல்லையா'ங்கறாரு. நான் என்னா செய்ய?"

தைப்பிங் வந்துகொண்டிருக்கிறது. டிக்கெட்டோ கோலாலம்பூர் வரை. இறங்கினால் காசு போச்சு, சுகம் போச்சு, நாலரைக்குள் போய்ச் சேர்வோமா தெரியாது. என் மகன் என்னைப் பார்த்தான். "எறங்குங்கம்மா. நான் முன்னாடி போயி பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிக்கறேன், போங்கலா!" கதவு திறந்தது. குங்குமத் தட்டோடு குதித்தேன்!

அண்ணன் வீட்டு வாசல். தட்டை நீட்டினேன். "அண்ணே, வாங்கண்ணே" என்றேன். மேடையில் இத்தனை பேசுகிறவளுக்கு அங்கே இரண்டு சொல்தான் வந்தது.

அவர் தட்டைத் தொடவில்லை. "ஒன் ஸ்டேட்டஸ்ல படம் போடுவியே, அந்த ஏரி, அந்த ஜன்னலு. எல்லாத்தயும் பாத்தேன். அந்த ரயிலு எங்க ஊர்ல ரெண்டு நிமிஷம் நிக்குதுலா, சந்திரா. ஆறு வருஷமா நிக்குது. நீ ஒரு தடவ எறங்குனியா?"

சபையோரே, எதை அளந்தேன் நான் ஆறு ஆண்டுகளாக? வெள்ளியை அளந்தேன், வேகத்தை அளந்தேன், நிமிடத்தை அளந்தேன். ரயில் எனக்கு வசதி, வசதி என்று வாய் ஓயாமல் சொன்னேனே, எது அந்த வசதி? காரில் போனால் அண்ணன் ஊருக்குத் திரும்பும் சாலையை நான் பார்க்க வேண்டும். "நிறுத்தட்டுமா?" என்று கணவர் கேட்பார், "வேண்டாம்" என்று என் வாயால் சொல்ல வேண்டும். ரயிலில் யார் கேட்பார்? கதவு திறக்கும், கதவு மூடும், நான் கண்ணை மூடிக்கொள்வேன். கூடப் பிறந்தவரைக் கேள்வி கேட்பாரில்லாமல் கடந்து போவதற்கு ஒரு வழி தேடினேன், அதற்கு வசதி என்று பேர் வைத்தேன்! இதை இன்றுதான் முதல் முறையாக வெளியே சொல்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் எழுந்து போய் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஈப்போ அருகே நெரிசல், தாப்பா அருகே மழை. என் கணவர் வாழ்க்கையில் முதல் முறையாக என்னிடம் வழி கேட்டார். நாலு மணி பத்து நிமிடத்துக்கு மண்டப வாசலில் நின்றோம். நாலேகாலுக்கு என் அண்ணன் முதல் தட்டைத் தூக்கினார்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். முடிக்கிறேன் ஐயா. தீர்ப்பு உங்களுடையது. செலவும் சுகமும் பார்த்தால் என் ஓட்டு இன்றும் ரயிலுக்கே! ஆனால் ஏறும்முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்: வழியில் எந்த ஊரில் கண்ணை மூடிக்கொள்ளப் போகிறோம்?

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. அழைத்த மன்றத்துக்கும் அளவாய் விசிலடித்த இளைஞர்களுக்கும் நன்றி. எனக்கு இன்று மதியம் ரயில் இருக்கிறது. டிக்கெட் தைப்பிங் வரைக்கும்தான். வருகிறேன், வணக்கம்!