கணக்கில் வந்தவள்

வ்வ்வூ... வ்வ்வூ... வ்வ்வூ...

சைரன் அலறிய அலறலில் புளியமரத்துக் காக்காய்கள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

பொழுது சாய்ந்து, மலை கறுத்துக்கொண்டு வந்த நேரம். அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையை விட்டு விலகி, கரும்புக்குள் நுழையும் ஒரு மண்ரோடு. பௌர்ணமிக்கு லட்சம் பேர் அந்தப் பக்கம் நடப்பார்கள். ஒருத்தர்கூட அந்த ரோட்டில் திரும்ப மாட்டார்கள். ரோடு முடிகிற இடத்தில் கொஞ்சம் வீடுகள். வீடுகளுக்குப் பின்னால், பூமிக்கு அடியில்... காஸ் குழாய்.

என் சிநேகிதன் அஸ்பாக்கின் அக்காவுக்கு நடந்தது இது. ரூக்ஸார் என்று பெயர். திருவண்ணாமலை கோர்ட்டில் வக்கீல். பயம் கம்மி, வாய் ஜாஸ்தி. குழாய்க் கம்பெனிக்குச் சட்ட ஆலோசனை சொல்வது அவள்தான். குழாயிலிருந்து எவ்வளவு தள்ளி வீடு கட்டலாம், கசிவு வந்தால் யாருக்குத் தகவல் சொல்லவேண்டும்... பாதுகாப்பு விதிகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

போன வருஷம் அங்கே குழாயில் கசிவு. அதோடு குழாயை மூடிவிட்டார்கள். ஊர் ஜனங்களை வைத்து ஒத்திகை நடத்திக் காட்டினால்தான் மறுபடி காஸ் விடலாம் என்று மேலிடத்தில் உத்தரவு. காஸ் கசிந்த மாதிரி சைரன் ஊதுவார்கள். வீட்டுக்கு ஒருத்தர் மயங்கின மாதிரி கிடக்கவேண்டும். கம்பெனி ஆட்கள் வந்து வெளியே கொண்டுபோவார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் தலை எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். அவ்வளவுதான்.

மத்தியானமே நடந்திருக்க வேண்டியது. பெரிய அதிகாரி வருவார் வருவார் என்று காத்திருந்து, கடைசியில் அவர் வராமலே போய், பொழுது இறங்கிவிட்டது.

"திரௌபதி வீட்டுக்கு யாரு?" என்று கேட்டார் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி முருகவேல்.

கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்தது.

"எழிலரசி, நீ போம்மா."

"நானா? நீங்க வேணா போய்ப் படுத்துக்கங்க சார். உங்க பிரியாணியையும் சேர்த்து நான் துன்னுக்கறேன்" என்றாள் எழிலரசி. அடுத்த வீட்டுக்காரி.

கூட்டம் சிரித்தது. சட்டென்று அடங்கியும் போனது.

கசிவு நடந்த அன்றைக்கும் இதே முருகவேல்தான் மைதானத்தில் தலை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் அதில் ஒரு தலை, எழிலரசி வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருந்த அவள் மாமியார். காய்ச்சலில் கிடந்த திரௌபதி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பார்த்தாகிவிட்டது என்று நினைத்து யாரோ வெளியே தாழ்ப்பாள் போட்டு, உள்ளே ஆள் இல்லை என்பதற்கு அடையாளமாகக் கதவில் சாக்பீஸால் ஒரு கோடும் கிழித்துவிட்டுப் போயிருந்தார்கள். எண்ணிக்கைதான் சரியாக இருந்ததே... யாரும் தேடவில்லை. மறுநாள் கதவைத் திறந்தபோது, மூச்சுமுட்டி, கதவுக்கு உள்பக்கம் சுருண்டு கிடந்தாள்.

கோர்ட்டுக்குக் கேஸ் வந்தது. கம்பெனிக்காக ரூக்ஸார்தான் பதில் எழுதினாள். 'விதிப்படி தலை எண்ணப்பட்டது. எண்ணிக்கை சரி.' அந்தப் பதிலில் ஒரு ஓட்டைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேஸ் நிற்கவில்லை.

"ஒரு வீட்டுக்கு ஆள் இல்லேன்னாலும் ஒத்திகை செல்லாது" என்றாள் ரூக்ஸார். "நானே போய் உட்கார்றேன். நேரமாகுது, ஊதுங்க."

"வேணாம் வக்கீலம்மா..." என்றாள் எழிலரசி. இப்போது அவள் முகத்தில் சிரிப்பில்லை.

குழாய்ப் பக்கம் செல்போன் ஆகாது. எல்லார் போனையும் முன்னமே வாங்கி வைத்துவிட்டார்கள். ரூக்ஸார் கையில் ஒரு வாக்கிடாக்கி செட்டைக் கொடுத்தார்கள். பச்சைத் துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

அப்போது அலறியதுதான் அந்தச் சைரன்.

உள்ளே கும்மிருட்டு. ஒரே ரூம். ஒரு கயிற்றுக் கட்டில், அதன்மேல் ஒரு கம்பளி. ஜன்னல் என்று ஒன்று கிடையாது. ரூக்ஸார் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மூக்கில் ஏதோ ஏறியது. அந்தக் குழாயில் போகிற காஸுக்கு வாசனை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். இது வேறு... நீலகிரித் தைலம். வியர்த்து ஊறின போர்வை. காய்ச்சல்காரர்கள் படுத்திருக்கும் ரூமில் வருமே, அந்த வாடை. ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில்.

கிறீச்...

கட்டில் கயிறு. எலியாக இருக்கும் என்று நினைத்தாள்.

லொக்... லொக்...

எலி இருமாது.

ரூக்ஸார் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் ரெண்டும் தரையோடு தைத்த மாதிரி இருந்தன. வெறும் பாதங்கள், மண்தரையில்... சரக்... சரக்... அவளுக்கு மிக அருகில் வந்து நின்றன. தலையிலிருந்து ஏதோ மெல்ல நழுவிப் போனது. கதவு ஒரு விரற்கடை திறந்து, வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்து, மறுபடி மூடியது.

டக். வெளித்தாழ்ப்பாள்.

கிரீச்... கிரீச்... கதவில் சாக்பீஸ்.

அதற்குப் பிறகுதான் கால் வந்தது. பாய்ந்து போய்க் கதவைத் தட்டினாள்.

"சார்! நான் உள்ள இருக்கேன்! கதவைத் திறங்க!"

சைரன் அவள் குரலை விழுங்கிவிட்டது. வாக்கிடாக்கியை அழுத்தினாள். அதில் முருகவேல் மூச்சு விடாமல் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவர் விட்டால்தானே இவள் பேசமுடியும்?

சைரன் நின்றது. மைதானத்தில் மைக் கரகரத்தது. பெயர் கூப்பிடுகிறார்கள்.

"ராணியம்மாள்?"

"இருக்கேன், இருக்கேன். சீக்கிரம் முடிங்க சார், மாடு கத்துது."

சிரிப்புச் சத்தம். ரூக்ஸாருக்கு உயிர் வந்தது. பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள்? தன் பெயருக்குப் பதில் வராது. தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"எழிலரசி?"

"ஆங்."

"வக்கீலம்மா?"

ரூக்ஸார் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"இருக்கேன், சார்."

மைக்கில் தெளிவாகக் கேட்டது. அவளுடைய குரல்... கோர்ட்டில் பேசுவாளே, அதே நறுக்கான குரல்.

"எண்ணிக்கை சரி!" என்றார் முருகவேல். ஜனங்கள் கைதட்டினார்கள்.

ரூக்ஸார் தலையைத் தடவிப் பார்த்தாள். துப்பட்டா இல்லை. இருட்டில் கட்டில்வரை துழாவிக்கொண்டு போனாள். கம்பளி கையில் தட்டுப்பட்டது. சூடாக இருந்தது... இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

மறுபடி கதவுக்கு ஓடினாள். தட்டினாள், உதைத்தாள், தோளால் இடித்தாள். பழைய தேக்குக் கதவு, அசையவில்லை. பலகை இடுக்கில் விரலை நுழைக்கப் பார்த்தபோது மரத்தில் பள்ளம் பள்ளமாக ஏதோ தட்டுப்பட்டது. மேலிருந்து கீழாக, நாலு நாலாக. அவள் விரல்கள் அந்தப் பள்ளங்களில் கச்சிதமாக உட்கார்ந்தன. சுடுதண்ணீரில் வைத்த மாதிரி கையை உதறிக்கொண்டாள்.

இடுக்கில் கண்ணை வைத்தாள். மைதானத்தில் கம்பெனி வேன். விளக்கைப் போட்டுவிட்டார்கள். பொட்டலத்தோடு ஜனங்கள் கலைகிறார்கள். வேனின் முன் சீட்டில் ஒருத்தி ஏறினாள். தலையில் பச்சைத் துப்பட்டா. முகம் தெரியவில்லை. ஏறும்போது குனிந்து இருமினாள்.

வேன் உறுமியது. அது போய்விட்டால் இந்த மண்ரோட்டுக்கு நாளைக்கு வெளிச்சம் வந்தால்தான் வெளி ஆள். அதுவும் யார் தேடுவார்கள்? யாரும் காணாமல் போகவில்லையே. இருட்டியதும், உள்ளே யார் கத்தினாலும், அந்த வீட்டுப் பக்கம் ஊர்க்காரர்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வாக்கிடாக்கியில் பேச்சு ஓய்ந்திருந்தது. பட்டனை அழுத்தினாள்.

"முருகவேல் சார்... ரூக்ஸார் பேசறேன். திரௌபதி வீட்டுக்குள்ளதான் இன்னும் இருக்கேன். போய்டாதீங்க சார், கதவைத் திறந்து விடுங்க..."

கர்ர்ர்...

"யாரும்மா அது? எழிலரசியா? செட்டை வெச்சு விளையாடாத."

"சார், சத்தியமா நான்தான்! வண்டியில இருக்கறது நான் இல்ல சார்!"

வேன் இன்ஜினின் உறுமல் மட்டும், செட்டிலும் கேட்டது, வெளியேயும் கேட்டது. முருகவேல் பட்டனிலிருந்து விரலை எடுக்காமலே பக்கத்தில் திரும்பிக் கேட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"வக்கீலம்மா... அந்த வீட்டுக்குள்ள யாராவது இருக்காங்களா?"

பதில் உடனே வந்தது. ரூக்ஸாரின் குரலில், துளி அவசரமில்லாமல்.

"யாரும் இல்ல, சார். நான் நல்லா பார்த்துட்டுத்தான் தாழ்ப்பாள் போட்டேன்... வண்டியை எடுங்க."