எட்டு விநாடி அருவி

அருவியைப் படம் எடுக்க வெயில் கூடாது. மூட்டம் போட்ட நாளாகப் பார்த்துப் போக வேண்டும். அதனால்தான் ஐப்பசியில் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். நீங்கள் நினைப்பதுபோல, ஆள் நடமாட்டம் இருக்காது என்பதற்காக அல்ல, சார்.

மரக்காணத்தில் பாலகுரு ஸ்டூடியோ என்றால் யாரும் வழி காட்டுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறேன். ஜெயப்பிரகாஷ் உப்பளத்தில் வேலை பார்த்தவன், என்னைவிட நாலு வயது சின்னவன். மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றுவிடும் என்பதால் என்னிடம் வந்து கல்யாணங்களுக்கு லைட் பிடித்தான். பிறகு சொந்தமாக ஒரு கேமரா வாங்கினான். அவன் மனைவி ரேகா உப்பு வாரும்போது அவன் எடுத்த ஒரு படத்தை ஆரோவில்லில் ஒரு கண்காட்சியில் மாட்டினார்கள். நானும் போய்ப் பார்த்தேன். உப்பின் வெளிச்சத்தில் ரேகாவின் கண்கள் இடுங்கியிருந்தன. நல்ல படம். நான் மறுக்கவில்லை.

அதற்கப்புறம் பிரம்மதேசத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா கல்யாண ஆர்டரோடு வந்தார். நான் வரவழைத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டூடியோ உங்களுதாவே இருக்கட்டுங்க. படம் மட்டும் ஜெயப்பிரகாஷ் எடுக்கட்டும்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஆல்பம் மாடல்களைக் காட்டிவிட்டு ஆர்டரை எழுதிக்கொண்டேன்.

கல்வராயன் மலைக்குக் கூப்பிட்டது நான்தான். அடிவாரத்து ஊரில் பைக்கை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் காட்டுக்குள் நடந்தோம். ரேகா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றில் பாதியை எனக்குத் தந்தான். அங்கே மேலிருந்து விழும் தண்ணீர் ஒரு குட்டையில் தேங்கி, மறுபடி எழுபது அடி கீழே இறங்குகிறது. அந்த விளிம்பில் ஒரு பாறை. ஒரு ஆள் நின்றால்தான் அருவியின் உயரம் படத்தில் தெரியும் என்றேன். வழுக்குமா என்று கேட்டான்.

"போன வாரம் நானே நின்னேம்பா. ஒண்ணும் ஆவாது."

போன வாரம் போயிருந்தது உண்மை. பாறையில் ஒரு காலை வைத்துப் பார்த்தேன். பாசி. காலை எடுத்துவிட்டேன்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். வழுக்கினான். உடனே விழவில்லை, ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினான். எனக்கும் அந்த வேருக்கும் பன்னிரண்டு அடி, நடுவில் காய்ந்த பாறைதான்.

"அண்ணே, கைய குடுங்கண்ணே" என்றான். கத்தவில்லை. கேட்டான்.

தண்ணீர் பால் வழிவதுபோல வர வேண்டுமானால் ஷட்டரை எட்டு விநாடி திறந்து வைக்க வேண்டும். பக்கத்தில் காலடி விழுந்தால் கேமரா ஸ்டாண்டு ஆடிவிடும். நான் அசையாமல் நின்றேன். முடிந்ததும் அடுத்ததை எடுத்தேன். மொத்தம் பதினொரு படங்கள். முதல் ஏழில் அவன் கை இருக்கிறது; உடம்பு வழியும் தண்ணீரில் கலங்கிவிட்டது. ஐந்தாவதின்போது அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

பிறகு மலை இறங்கி ஊர்க்காரர்களைக் கூட்டிவந்தேன். செருப்பை ரேகாவிடம் கொடுத்தபோது அழுதேன். அது நடிப்பில்லை.

நான்காவது படத்தைப் போட்டிக்கு அனுப்பினேன். முதல் பரிசு. நடுவர் ஒருவர் பெரிதாக்கிப் பார்த்து, வேரில் நாலு விரல் தெரிகிறதே என்று கேட்டதால்தான் நீங்கள் வந்தீர்கள். கம்ப்யூட்டரில் அழித்திருக்கலாமே என்று ஏட்டு கேட்டார். ஐந்து நிமிஷ வேலைதான். ஆனால் சுற்றிலும் எல்லாம் கலங்கி ஓட, அந்த விரல்கள் மட்டும் எட்டு விநாடியும் அசையாமல் அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கின்றன. அழித்தால் படம் செத்துவிடும்.

கையைக் கொடுத்திருந்தால் அவன் ஏறி வந்திருப்பான். தெரிந்துதான் கொடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் வருத்தம். இந்தப் படத்தை ஜெயப்பிரகாஷ் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், "நீங்கதாண்ணே பெரிய ஆளு" என்று அவன் வாயாலேயே சொல்லியிருப்பான்.