பத்து வீதம் பத்து வீதமாக

சின்னப் படத்தைப் பெருப்பிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அவசரப்படவேண்டாம் என்பதுதான். பழைய கைபேசியில் எடுத்த படத்தை ஒரேயடியாக இழுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். நூற்றுக்குப் பத்து வீதம் பெருப்பித்து, கொஞ்சம் துடைத்து, திரும்பவும் பத்து வீதம் பெருப்பிக்கவேண்டும். மினுக்கம் இல்லாத தாளில் அடித்து, கண்மட்டத்துக்குச் சற்று மேலே மாட்டினால் குறை தெரியாது. ஊர்காவற்றுறையில் இத்தனை வருசமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். என் பிரிண்டை ஒருவரும் பிழை சொன்னதில்லை.

புளியங்கூடல் பிரியவதனியும் அப்படி ஒரு படத்தோடுதான் வந்தாள். அவளுடைய புருசன் சுஜிதன் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறினான், போனவன் போனவன்தான். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. கலியாணப் படங்களெல்லாம் அவன் கைபேசியோடு கடலுக்குப் போய்விட்டன. அவளுடைய பழைய கைபேசியில் மிஞ்சியது முத்திரை அளவுப் படம் ஒன்று.

"அண்ணை, அவற்ற முகம் வடிவாத் தெரியிற மாதிரி அடிச்சுத் தருவியளே?"

"ஓம், ஏன் ஏலாது?" என்றேன்.

ஒன்றைச் சொல்லவேண்டும். அவளை நான் முதலே பெண் கேட்டனுப்பினேன். தகப்பன் பொருத்தமில்லை என்றுவிட்டார். பிறகு காரைநகர்ப் பக்கத்திலிருந்து வந்த, தாய் தகப்பன் இல்லாத சுஜிதனுக்குக் கட்டிக்கொடுத்தார். அவன் இந்த ஊரில் இருந்தது சில மாதங்கள்தான். முகம் தெரிந்தவர்கள் குறைவு. தகப்பனும் பிறகு காலமாகிவிட்டார்.

அந்தப் படத்தில் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கரும்புள்ளிகள். இல்லாத கண்ணை எங்கிருந்தாவது எடுத்துத்தானே வைக்கவேண்டும்? என் கண் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. அவள் பிரிண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இவரேதான்" என்று அழுதாள்.

தீவில் உப்புக்காற்றுக்கு மை நிற்காது. வெளிறிய படத்தை வருசாவருசம் கொண்டுவருவாள். நானும் காசு வாங்காமல் புதிதாக அடித்துக் கொடுப்பேன். ஒரு வருசம் மூக்கு, ஒரு வருசம் நாடி, பிறகு நெற்றி. ஒருபோதும் அவசரப்படவில்லை. கைபேசி பழுதென்று தந்தபோது, திருத்த ஏலாது என்று திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் இருந்த முத்திரைப் படத்தை அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஒருமுறை மட்டும் தடுமாறினாள்.

"அவற்ற இடப்பக்கப் புருவத்தில ஒரு வெட்டு இருந்ததெல்லோ?"

"முதல் படத்திலயும் இல்லையே. உமக்குத்தான் ஞாபகம் பிசகுது" என்றேன். அந்த வெட்டைத் தூசி என்று நான்தான் துடைத்திருந்தேன். அவள் தலையாட்டிக்கொண்டு போனாள்.

மகள் துர்க்கா வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். ஒருநாள் கடையில் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்கள் எங்கட அப்பா மாதிரி" என்றாள். தாய் அவளை அதட்டினாள். பிறகு தானும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எனக்கு அன்று முழுதும் சந்தோசம்.

சுஜிதனைத் தேடச் சொல்லி அவள் பலரிடம் கேட்டுவைத்திருந்தாள். போன மார்கழியில் இந்தோனேசியாவிலிருந்து அவளுடைய கைபேசிக்கு ஒரு படம் வந்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சிழந்த ஒருவர் இருக்கிறாராம், இலங்கை ஆளாக இருக்கலாமாம். யாராவது கதவைத் திறந்தால் எழும்பி நிற்பாராம். மயிர் மயிராகத் தெரியும் நல்ல படம். இடப்பக்கப் புருவத்தில் வெட்டு இருந்தது. சுஜிதனை எனக்குத் தெரியாதா? அந்த முகத்தை இத்தனை வருசமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போட்டவன் நான்.

அவள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, கைபேசியைச் சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"வெட்டு இருக்கு, அண்ணை. ஆனா எங்கட படத்தில இல்லையே. முகமும் வேறயாக் கிடக்கு. நீங்கள் சொல்லுங்கோ."

"இது அவரில்லை" என்றேன்.

அவளுக்கு எழுத்துத் தட்ட வரவில்லை. 'எங்கள் ஆள் இல்லை' என்று நானே தட்டி அனுப்பினேன். "பாவம், ஆர் பெத்த பிள்ளையோ" என்று அவள் அந்த மனிதனுக்காகவும் அழுதாள். உரிமை கோர ஆளில்லாததால் அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் தேடுவதை விட்டுவிட்டாள். வருகிற ஆவணியில் எங்களுக்குப் பதிவுத் திருமணம். சுஜிதனின் படம் மட்டும் சுவரில் இருக்கட்டும் என்று கேட்டாள். வேறொருவன் என்றால் சம்மதிப்பானா? நான் உடனே சம்மதித்தேன். என் மனது அப்படி.